சக்களத்தியின் குரல்

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருக்கத்தான் செய்தது. ஆனால் அடையாள அட்டையைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை இல்லாமல் போய்விட்டது. தெருவில் அவள் மைக் அக்கா. வேலை செய்யும் சீருடைத் தையல் கூடத்திலும் மைக் அக்கா. வாடகை வாங்க வரும் வீட்டுக்காரர்கூட வாசலில் நின்று, "மைக் அக்கா இருக்காங்களா?" என்றுதான் கேட்பார்.

பெயர் வந்த கதை இதுதான். குடிமக்கள் எல்லாரும் ஒரு வெளிநாட்டு மொழியைக் கட்டாயம் கற்க வேண்டும் என்று அரசாங்கத்துக்கு ஒரு யோசனை உதித்தது. பொதுமக்கள் கருத்து சொல்லலாம் என்று பள்ளிக்கூட அரங்கில் ஒரு கூட்டம் வைத்தார்கள். அதிகாரி ஒருவர் காகிதத்தைப் பார்த்து வாசித்துக்கொண்டே போனார், போனார், முன்வரிசையில் இருந்தவர்கள் தூங்கி விழும்வரை போனார். கடைசியில், "யாராவது பேச விரும்பினால்..." என்று அவர் ஒப்புக்குக் கேட்க, நம்மவள் விறுவிறுவென்று மேடையேறி மைக்கைக் கையில் வாங்கிவிட்டாள்.

"சார், நான் துணி வெட்டறவ. எந்த பாஷையில சொன்னாலும் கத்திரி துணியத்தான் வெட்டும். என் வீட்டுக்காரர் தண்ணி பம்ப் ஓட்டறாரு. மோட்டார் மக்கர் பண்ணா திட்டறதுக்கு எங்க பாஷையே தாராளமா இருக்கு, வேணும்னா உங்களுக்கும் கொஞ்சம் தர்றேன். ஆசைப்பட்டவங்க படிக்கட்டும் சார், யாரு வேணாம்னா? ஆசையில்லாதவள பிடிச்சு உக்கார வெச்சு சொல்லு சொல்லுன்னா எப்படி? அதக் கத்துக்கிட்டு என் வீட்டுக்குள்ள நான் யாரோட பேசப்போறேன்?"

கைதட்டலில் கூரை அதிர்ந்தது. அதிகாரி மைக்கை வாங்கக் கை நீட்டினார். அவள் கொடுத்தால்தானே! மைக்கைப் பிடித்தபடியே இன்னும் நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் இறங்கினாள்.

அவள் பேசியதால் மட்டும் என்று சொல்ல முடியாது, ஊர் ஊராக எதிர்ப்பு கிளம்பியிருந்தது. திட்டத்தைச் சுருட்டி வைத்துவிட்டார்கள். ஆனால் சும்மா சுருட்டவில்லை. பொதுமக்களுக்கு விருப்பம், அரசு ஊழியர்களுக்குக் கட்டாயம், பரீட்சை எழுதித் தேறாதவர்களுக்குப் பதவி உயர்வு கிடையாது என்று ஒரு வாலை மட்டும் வெளியே விட்டுவைத்தார்கள். அந்த வாலில் போய் மாட்டிக்கொண்டது யார்? மைக் அக்காவின் புருஷன். தண்ணீர் வாரியத்தில் பம்ப் ஓட்டுகிற மனிதர்.

"ஊருக்கெல்லாம் விடுதலை வாங்கிக் குடுத்துட்டு என்னைய உள்ள தள்ளிட்டியேம்மா" என்றார் அவர். அவர் சுபாவமே அப்படி. நொந்துகொள்வதைக்கூடச் சிரித்த முகத்தோடு செய்வார். பேச்சு குறைவு. அவள் பேசுகிற வீட்டில் இன்னொருவர் பேசவும் இடம் இருக்காது என்பது வேறு விஷயம்.

மாலை வகுப்புக்குப் போனார். பகல் முழுக்க மோட்டார் இரைச்சலில் நின்றுவிட்டு வருகிறவருக்கு வகுப்பு தாலாட்டாக இருந்தது. பரீட்சையில் கோட்டைவிட்டார். மறுபடியும் கோட்டைவிட்டார். கூட வேலை செய்த ஒருவர் பாவப்பட்டு, ஒலிப்பாடங்களைப் போனில் ஏற்றிக் கொடுத்தார். முதலில் ஓர் ஆண்குரல் நம் மொழியில் அர்த்தம் சொல்லும். பிறகு ஒரு பெண்குரல் அந்த வெளிநாட்டு மொழியில் பேசும். பேசிவிட்டுக் கொஞ்சநேரம் சும்மா இருக்கும். அந்த இடைவெளியில் படிக்கிறவர் பதில் சொல்ல வேண்டும். பிறகு அவள் அடுத்த கேள்வி கேட்பாள்.

காலையில் குளியலறைக் கண்ணாடி முன் முகத்தில் நுரையோடு நின்று அவர் இந்தப் பாடத்தை நடத்துவார். கதவுக்கு வெளியே பெண்குரல் கேட்கும். பிறகு இவர் குரல். பிறகு மறுபடியும் அவள்.

"என்ன, சக்களத்தி எழுந்தாச்சா?" என்று அடுப்படியிலிருந்து நம்மவள் குரல் கொடுப்பாள்.

"எழுந்தாச்சு. இந்த வீட்டுல நான் பேசி முடிக்கறவரைக்கும் பொறுமையா இருக்கறவ அவ ஒருத்திதான்" என்று நுரை வாயோடு பதில் வரும்.

மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். ஒருநாள் அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே அடுப்படிப் பக்கம் வந்து, "தெரியுமா, இந்தப் பாடத்துல நீயும் வர்ற" என்றார். "எனக்கு இங்க தலைக்கு மேல வேலை கெடக்கு, சக்களத்தி வீட்டுக்கெல்லாம் நான் வரல" என்று சொல்லிவிட்டாள். அவரும் சிரித்துக்கொண்டே போய்விட்டார். எப்படி வருகிறேன் என்று அவள் கேட்கவேயில்லை.

அவர் ஒருவழியாகத் தேறினார். சான்றிதழ் வந்தது, பதவி உயர்வும் வந்தது. ஆனால் அந்த மொழி பேசுகிற ஒரு மனிதரைக்கூட அவர் வாழ்நாளில் கண்ணால் பார்த்ததில்லை. பம்ப் அறைக்கு எவன் வரப்போகிறான்? இருந்தும் கண்ணாடி முன் பாடம் நிற்கவில்லை. பழகிவிட்டது. வருஷக்கணக்காகச் சக்களத்தி தினமும் காலையில் எழுந்து அவரோடு பேசிக்கொண்டிருந்தாள். மகள் மருந்துக்கடை வேலைக்குப் போகும் வயதுக்கு வந்த பிறகும் பேசிக்கொண்டிருந்தாள்.

அப்புறம் ஒருநாள் பம்ப் அறையில், சுவிட்ச் பலகைக்குக் கீழே அவர் சரிந்து கிடந்தார். மூளையில் அடைப்பு. வலக்கையும் வலக்காலும் போயின. பேச்சும் போயிற்று. மருத்துவமனை வராந்தாவில் மைக் அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஊர் வாயை எல்லாம் அடக்கியவள், தன் புருஷன் வாயிலிருந்து ஒரு சொல் வராதா என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஏங்க, என்னையப் பாருங்க. நான் யாரு? சொல்லுங்க." அவர் உதடு கோணியது. "ஆ... ஆ..." என்றார். மகளைக் காட்டி அவள் பெயரையும் கேட்டுப் பார்த்தாள். அதற்கும் அதே "ஆ" தான்.

ஒரு காலையில் நர்ஸ் திரையை விலக்கிய நேரம், அவர் வாய் திறந்தார். குழறல் இல்லாமல், திக்கல் இல்லாமல், ஒரு முழு வாக்கியம் வந்தது. அந்த வெளிநாட்டு மொழியில்!

வார்டே கட்டிலைச் சுற்றிக் கூடிவிட்டது. "அடேங்கப்பா, பெரிய படிப்பு படிச்சவர் போல!" என்று பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி வாயைப் பிளந்தாள். மைக் அக்காவுக்குப் பெருமையா, பயமா என்றே தெரியவில்லை. பேச்சு வந்துவிட்டதே என்று அழுதாள். வந்த பேச்சு புரியவில்லையே என்று அதே கையோடு இன்னொரு முறை அழுதாள்.

அந்த மொழி தெரிந்த ஓர் இளம் டாக்டரைத் தேடிப் பிடித்து மகள் அழைத்துவந்தாள். அவர் குனிந்து கேட்டார்.

"ஜன்னல் இருக்கற ரூம் வேணும்னு சொல்றாரும்மா."

இவ்வளவுதானே! மைக் அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினாள். தலைமை நர்ஸிடம் கெஞ்சினாள், மிஞ்சினாள், கடைசியில் ஜன்னலோரக் கட்டில்காரரின் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டு இடம் மாற்றினாள். வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பக்கூட இல்லை. மறுபடியும் அதே வாக்கியத்தைச் சொன்னார், இந்த முறை கோபமாக.

அடுத்து, "சாவி எங்கே?" என்று கேட்கிறார் என்றார் டாக்டர். இதைக் கேட்டதும் அவளுடைய கொழுந்தனுக்கு உடம்பெல்லாம் காதாகிவிட்டது. "அண்ணி, அண்ணன் எதையோ பூட்டி வெச்சிருக்காரு. நமக்குத் தெரியாம ஏதோ இருக்கு" என்று வீட்டையே கவிழ்த்துப் போட்டான். பீரோவுக்கு மேலே, கட்டிலுக்கு அடியே, அரிசி டின்னுக்குள்ளே என்று தேடாத இடமில்லை. கிடைத்த சாவிகளையெல்லாம் ஒரு கயிற்றில் கோத்து எடுத்துக்கொண்டு போய் அண்ணன் முகத்துக்கு முன்னால் ஒவ்வொன்றாக ஆட்டினான். அவர் பார்த்தார். பிறகு, ரயில் எப்போது புறப்படும் என்று கேட்டார்.

"வீட்டுக்குப் போகணும்னு கேக்கறாரு, வேற என்ன?" என்றாள் மகள். டாக்டர்களும் சரி என்றார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வீட்டுக்கு வந்தும் ரயில் எப்போது என்றுதான் கேட்டார்.

தாடி காடாக வளர்ந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, நுரை பூசி, அவளே சவரம் செய்தாள். துணியில் நூல் பிசகாத கை, அவர் கன்னத்தில் மெல்ல இறங்கியது. நுரையின் ஈரம் பட்டதோ என்னவோ, அவர் நிமிர்ந்து ஒரு வாக்கியம் சொன்னார். பிறகு தலையை லேசாகச் சாய்த்துக் காத்திருந்தார். அடுத்த வாக்கியம் சொன்னார். மறுபடி காத்திருந்தார்.

பிளேடு பாதிக் கன்னத்தில் நின்றுவிட்டது. அந்த இடைவெளி அவளுக்குத் தெரியும். வார்த்தை ஒன்றும் தெரியாது, ஆனால் குளியலறைக் கதவுக்கு வெளியே வருஷக்கணக்காகக் கேட்ட இடைவெளி அது. சக்களத்தி பேசுகிற நேரம்.

அவருடைய போனைத் தேடி எடுத்து மகள் பாடத்தைப் போட்டாள். பெண்குரல் கேட்டதும் அவர் முகம் இருக்கிறதே, விளக்கைப் போட்டதுபோல் ஆயிற்று. அவள் கேட்க, இவர் சொல்ல, அவள் கேட்க, இவர் சொல்ல, ஒரு இடம்கூடத் தட்டவில்லை. ஹோட்டலுக்கு ஒருவன் வருகிறான், வரவேற்பு மேஜையில் இருக்கும் பெண்ணிடம் அறை கேட்கிறான். அவ்வளவுதான் பாடம். ஜன்னலும் சாவியும் ரயிலும் அதிலிருந்து வந்தவை.

"அப்ப நாம ஏன்மா கட்டில மாத்தினோம்?" என்றாள் மகள். சிரிக்க ஆரம்பித்தவள் பாதியிலேயே அழுதாள்.

பேச்சுப் பயிற்சி தர வாரம் ஒருமுறை வரும் பெண்ணிடம் மைக் அக்கா எல்லாவற்றையும் கொட்டினாள்.

"சொந்த பாஷை எங்கம்மா போச்சு? பொறந்ததுலேர்ந்து பேசினதாச்சே!"

"போகலக்கா, உள்ளதான் இருக்கு. வர்ற வழி அடைஞ்சிருக்கு. இது மனப்பாடமா போனது, அதனால வேற வழியா வெளிய வருது. சில பேருக்கு இப்படி ஆகறதுண்டு."

"அப்ப அவரு ரூமு கேக்கல?"

"அவருக்கு என்னவோ வேணும். தாகமா இருக்கலாம், வலியா இருக்கலாம், உங்ககிட்ட ஏதாவது சொல்லணும்னு இருக்கலாம். வாய்க்கு வர்றது மட்டும் இதுதான்."

"இந்த பாஷைய நான் கத்துக்கிட்டா அவரு சொல்றது புரியுமா?"

அந்தப் பெண் தன் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "வார்த்தை புரியும்கா" என்றாள்.

அது எவ்வளவு உண்மை என்பது போகப்போகத் தெரிந்தது. ஒருநாள் ஜன்னல் உள்ள அறை வேண்டும் என்று அவர் தொண்டை கிழியக் கத்தினார். தண்ணீர் கொடுத்தாள், துப்பினார். மின்விசிறியைப் போட்டாள், அணைத்தாள். தலையணையை மாற்றினாள். "என்னங்க வேணும், ஐயோ, கையையாவது காட்டுங்களேன்!" என்று கெஞ்சினாள். கடைசியில் புரட்டிப் பார்த்தால், முதுகுக்கடியில் ஒரு பேனா மூடி கிடந்து சதையில் பதிந்திருந்தது. அதை எடுத்து வைத்துக்கொண்டு அவள் தலையில் அடித்துக்கொண்டாள். இன்னொரு நாளும் அதே மாதிரி கத்தினார். புரட்டிப் பார்த்தாள், ஒன்றும் இல்லை. என்ன வேண்டும் என்று கடைசிவரை தெரியாமலேயே அவர் களைத்துத் தூங்கிப்போனார்.

போனைப் போட்டுவிட்டால் மட்டும் அமைதியாகிவிடுவார். ஆனால் அப்போது அவர் பார்ப்பது போனை. அவள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாலும் அவளைத் தாண்டி அந்தக் குரல் வருகிற பக்கம்தான் கண் போகும். மைக் அக்காவுக்கு வயிறு எரிந்தது. ஒரு போனைப் பார்த்து வயிறு எரிகிறதே என்று வெட்கமாகவும் இருந்தது, இருந்தும் எரிந்தது. விளையாட்டாகச் சொன்னோமே, அவள் உண்மையிலேயே சக்களத்தியாகிவிட்டாளே!

அதனால் கற்க ஆரம்பித்தாள். மொழியை அல்ல, சக்களத்தியின் பங்கை மட்டும். தையல் கூடத்தில் துணியை அடுக்கடுக்காக விரித்து, சாக்பீஸால் கோடு போட்டு, காதில் பாடத்தை மாட்டிக்கொண்டு வெட்டுவாள். வாய் முணுமுணுக்கும். நாக்கு எங்கெங்கோ போய் இடித்துக்கொண்டது. "அக்கா, யாரையோ சபிக்கற மாதிரி இருக்குது" என்று தையல் மெஷின் பெண்கள் சிரித்தார்கள். "சபிக்கத்தான்டி செய்யறேன், வேலையப் பாரு" என்றாள்.

இந்த நேரம் பார்த்துத் தெருக்காரர்கள் வந்தார்கள். சுருட்டி வைத்த திட்டத்தைத் தூசி தட்டி மறுபடியும் கொண்டுவருகிறார்களாம். எல்லாரும் கட்டாயம் கற்கணுமாம். "அக்கா, நீங்கதான் வந்து மைக்கப் பிடிக்கணும். உங்கள விட்டா யாரு இருக்கா?"

அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே அவர் ரயில் நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்னய்யா பேசறது நான்? கத்துக்காதீங்கன்னா? என் வீட்டுக்குள்ள யாரோட பேசப்போறேன்னு கேட்டேனே, இதோ உள்ள படுத்திருக்காரு. சரி, கத்துக்குங்கன்னா? கத்துக்கிட்டும் அவருக்குத் தண்ணி வேணுமா வலிக்குதான்னு தெரியலையே. அவரு கத்தற வார்த்தையெல்லாம் எனக்குத் தெரியும், ஒண்ணும் புரியல. போங்கய்யா, வேற யாரையாவது கூப்பிடுங்க."

வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு செருப்பை மாட்டினார்கள். மைக் அக்கா மைக்கை வேண்டாம் என்று சொன்னது தெருவுக்கே அதிசயமாக இருந்தது.

ஒரு மாலை, வேலை விட்டு வந்து, முகம் கழுவி, அவர் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். போனை எடுக்கவில்லை. அவர் அந்த வெளிநாட்டு மொழியில் ஆரம்பித்தார்: "வணக்கம். அறை காலியாக இருக்கிறதா?"

இடைவெளியில் அவள் நுழைந்தாள். "இருக்கிறது ஐயா. எத்தனை பேர்?"

அவர் திடுக்கிட்டு அவளைப் பார்த்தார். அவளைத்தான், அவள் முகத்தைத்தான் பார்த்தார். கண் கலங்க "இரண்டு பேர்" என்றார். அவள் அடுத்ததைக் கேட்டாள், அவர் பதில் சொன்னார். நோய் வந்த பிறகு இருவரும் முதன்முதலாகப் பேசிக்கொண்டார்கள். உலகத்தில் இல்லாத ஒரு ஹோட்டலில் இல்லாத ஓர் அறையைப் பற்றி.

அதன் பிறகு தினமும் அதுதான். அவள் பாதிப் பாடம்தான் கற்றிருந்தாள், மீதியில் திணறுவாள். அவர் பொறுமையாகக் காத்திருப்பார். பேசி முடிக்கும்வரை காத்திருக்கும் பழக்கம் அவருக்கு எப்போதும் உண்டு. அதுவரை அர்த்தத்தைக் கவனித்துக் கேட்காத மீதிப் பாடத்தையும் கேட்டு முடித்த அன்று, வெட்டும் மேஜையில் அவள் கத்திரியைக் கீழே வைத்துவிட்டாள். ஆண்குரல் நம் மொழியில் அர்த்தம் சொல்லியிருந்தது. வரவேற்புப் பெண் கேட்கிறாள்: தங்களுடன் வந்தவர் எங்கே? அவன் சொல்கிறான்: என் மனைவி பின்னால் வருகிறாள்.

இந்தப் பாடத்துல நீயும் வர்ற.

மேற்பார்வையாளரிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தாள். மகள் அவரைச் சாய்த்து உட்காரவைத்திருந்தாள். மைக் அக்கா மூச்சு வாங்க எதிரில் உட்கார்ந்து, முதலிலிருந்து எல்லாம் கேட்டு, அந்த இடத்துக்கு வந்தாள்.

"தங்களுடன் வந்தவர் எங்கே?"

"என் மனைவி பின்னால் வருகிறாள்" என்றார். சொல்லிவிட்டு வாசலைப் பார்த்தார்.

"நான்தாங்க. இதோ இருக்கேன்ல. வந்துட்டேங்க!" என்று சொந்த மொழியில் கதறி, அவர் கையைப் பிடித்தாள்.

அவர் மரியாதையாகப் புன்னகை செய்தார். மேஜைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு நல்ல பெண்ணுக்குச் செய்யும் புன்னகை. கண் மறுபடியும் வாசலுக்குப் போயிற்று. அங்கேயே நின்றது. யாருக்காகவோ காத்திருந்தார், காத்திருக்கக் காத்திருக்க அவர் உதடு துடிக்க ஆரம்பித்தது.

"அம்மா, வெளிய போயிட்டு உள்ள வாயேன்" என்றாள் மகள் மெல்ல.

பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் வேறு என்ன செய்வது? அவள் எழுந்து பின்கட்டு வழியாக வெளியே போனாள். பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றித் தெருவுக்கு வந்தாள். கலைந்த தலையை ஒதுக்கிக்கொண்டாள், புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டாள். கல்யாணமான புதிதில்கூட ஒரு வாசலில் நுழைய அவள் இவ்வளவு பயந்ததில்லை. செருப்பைக் கழற்றினாள். படியேறி வாசலில் வந்து நின்றாள்.

அவர் பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்தது. இத்தனை நாளும் பார்க்காத மலர்ச்சி. நல்ல கையை ஊன்றி எழுந்திருக்கக்கூடப் பார்த்தார். "அப்பா!" என்றாள் மகள். மைக் அக்கா நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் வாய் திறந்தார்.

"வணக்கம். அறை காலியாக இருக்கிறதா?"

தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அவர் தலையைச் சாய்த்துக் காத்திருந்தார். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மைக் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள், நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இருக்கிறது ஐயா" என்றாள். "எத்தனை பேர்?"

"இரண்டு பேர்" என்றார் அவர்.